தோளைத் தாண்டிய கரி

துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கு மறுபடி மறுபடி மருந்தும் குண்டும் வைத்து நானே நிரப்பிச் சுடுகிறவன். சுட்ட கூட்டை வெளியே எடுத்ததும் முதலில் அடியில் இருக்கும் பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியைப் பார்ப்பேன், அப்புறம்தான் குண்டைப் பிடித்திருக்கும் முனையான கழுத்து. அன்றைக்குப் பார்க்கவே தேவைப்படவில்லை, கரி விரலில் ஒட்டிக்கொண்டது. கழுத்து முழுக்கக் கறுப்பு. கழுத்து அகன்று உடம்போடு சேரும் தோள் சரிவிலும் கறுப்பு. தோளைத் தாண்டி உடம்பின் ஒரு பக்கத்தில், நாக்கைத் தொங்கப் போட்டதுபோல், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் புகைத்தடம். இருபது தோட்டா சுட்டதில் பதிமூன்று கூடுகள் இந்தக் கோலத்தில் இருந்தன. மீதி ஏழில் கரி வழக்கம்போலக் கழுத்தின் பாதியோடு நின்றிருந்தது.

அந்த ஏழு ஏன் சுத்தமாக இருக்கின்றன என்று அன்றே கேட்டிருந்தால் வேலை ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். நான் பதிமூன்றையே முறைத்துக்கொண்டிருந்தேன். நான்கு வாரமும் பதினொரு கூடுகளும் வீணாயின.

துப்பாக்கி .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன். 155 கிரெய்ன் குண்டு, 300 மீட்டரில் காகித இலக்கு. கூடுகள் ஒரே தயாரிப்பாளருடையவை, பெரும்பாலும் ஆறு முறை சுட்டவை. வெடிமருந்தின் எடையை வேண்டுமென்றே எழுதவில்லை. என் குழலுக்கு ஒத்துவரும் அளவு இன்னொரு துப்பாக்கியில் ஆபத்தாகலாம். அதை மருந்துத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்ப்பதுதான் முறை. கையேட்டின் தொடக்க அளவுக்குச் சற்று மேலே, உச்ச அளவுக்கு நன்றாகவே கீழே என்பது இந்தக் கதைக்குப் போதும். வீட்டில் தோட்டா நிரப்பச் சட்டம் எல்லா இடத்திலும் இடங்கொடுப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கரி ஏன் வருகிறது?

தோட்டாவின் கழுத்துக்கும் சேம்பரின், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையின், சுவருக்கும் நடுவில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். இல்லாவிட்டால் கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமிருக்காது, அழுத்தம் எகிறிவிடும். என் தோட்டாவில் குண்டு உட்கார்ந்த கழுத்தின் வெளிவிட்டம் 8.55 மில்லிமீட்டர். சுட்டபின் அதே கழுத்து 8.7-ஐ ஒட்டி நிற்கும். அவ்வளவு தூரம் அது விரிந்தாக வேண்டும்.

மருந்து பற்றியதும் அழுத்தம் ஏறுகிறது, கழுத்து உப்பிச் சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் அது ஒரு வாஷர். பின்பக்கம் எதுவும் கசியாது. ஒட்டுவதற்கு முந்தைய கணத்தில் மட்டும் சூடான வாயு கழுத்தைச் சுற்றித் திரும்பி வந்துவிடுகிறது. நாம் பார்க்கும் கரி அந்தக் கணத்தின் தடம். குண்டு குழலைக் கடக்க எடுக்கும் நேரமே ஒரு மில்லிவிநாடியும் கொஞ்சமும்தான். கசிவு அதிலும் ஒரு துளி நேரம்.

ஆக, கரி எவ்வளவு தூரம் இறங்கும் என்பதை மூன்று விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன. அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, பித்தளை எவ்வளவு சீக்கிரம் இணங்குகிறது, இடைவெளி எவ்வளவு பெரியது. எந்தக் கூட்டிலும் கழுத்தில் கொஞ்சம் கரி இருக்கத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். எவ்வளவு கறுப்பு என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதுதான் சேதி.

இன்னொன்று. இதெல்லாம் கழுத்துப் பக்கத்துக் கரிக்கு மட்டுமே பொருந்தும். பிரைமரின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம், பிரைமரில் துளை, கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம், இவற்றில் எது கண்டாலும் அன்றைய சுடுதலை நிறுத்திவிட வேண்டும். அந்தப் பளபளப்பு வளையம் கூடு அங்கே மெலிந்து பிளக்கப் போகிறது என்பதற்கு அடையாளம். நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டுச் சுவரை வருடினால், மெலிந்த இடத்தில் பள்ளம் தட்டும். என் கூடுகள் ஐம்பதையும் அப்படி வருடிப் பார்த்தேன். பள்ளம் இல்லை. அப்புறம்தான் மேலே போனேன்.

முதல் வாரம்: மருந்தின் மேல் பழி

சுடுதளத்தில் பக்கத்து இடத்தில் சுடும் மூத்தவர் ஒருவர் என் கூட்டை வாங்கி ஒரு நொடி பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"மருந்து பத்தல தம்பி. கொஞ்சம் ஏத்து, சுத்தமாயிடும்."

"சரிங்கண்ணே" என்றேன்.

அவர் சொன்னது பொதுவாகப் பார்த்தால் தப்பில்லை. கழுத்துக் கரிக்கு முதல் சந்தேகம் எப்போதும் குறைந்த அழுத்தம்தான். அதற்கு ஒரு கூட்டாளி அடையாளமும் உண்டு. சுடும்போது பிரைமர் முதலில் கொஞ்சம் பின்னால் தள்ளப்படும். பிறகு கூடு முழுவதும் பின்னோக்கி நீண்டு, சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்தில் மோதும்போது பிரைமர் திரும்பத் தன் குழிக்குள் அமுங்கும். அழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் இந்த இரண்டாவது பாதி நடக்காது, பிரைமர் துருத்திக்கொண்டே நின்றுவிடும். இரும்பு ஸ்கேலின் விளிம்பை அடிப்பாகத்தில் வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. பிரைமர்கள் சமமாகவே இருந்தன.

அங்கேயே அந்தச் சந்தேகத்தை விட்டிருக்கலாம். இருந்தாலும் பெரியவர் சொல்லிவிட்டாரே என்று, கையேட்டின் வரம்புக்குள் இரண்டு படி ஏற்றிப் பத்துத் தோட்டா செய்தேன். பத்தில் ஐந்து மட்டும் தோளைத் தாண்டிக் கறுத்தன. பார்த்தீர்களா, குறைந்துவிட்டது என்று எனக்கே கொஞ்சம் குதூகலம். ஆனால் இலக்கில் குரூப், அதாவது குண்டுத் துளைகளின் கூட்டம், மேலும் கீழுமாக நீண்டுவிட்டது, வேகமானியில் வேகங்களின் பரவலும் குறையவில்லை. பழைய அளவுக்கே திரும்பினேன்.

கரி மறைவதற்காக மருந்தைக் கூட்டுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரத்தை இடம் மாற்றி வைப்பது மாதிரி. ஓட்டை எங்கே என்று தெரியாமல் உச்ச அளவை நோக்கி ஏறிக்கொண்டே போனால், வெயில் கொளுத்தும் ஒருநாள் அழுத்தம் மிஞ்சிவிடும். எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. மெதுவாக எரியும் மருந்தைத் தொடக்க அளவுக்கும் கீழே குறைத்தால் பற்றுதல் தாறுமாறாகி அழுத்தம் எதிர்பாராமல் எகிறக்கூடும். கையேட்டின் இரண்டு முனைகளுக்கும் காரணம் இருக்கிறது.

அந்தப் பத்தில் ஐந்து என்ற கணக்கே செல்லாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாம் வாரம்: துடைத்துப் பார்த்தது

சுட்டு விரிந்த கூட்டைத் திரும்பச் சுருக்கும் அச்சான டையில் அழுத்தும்போது பூசும் எண்ணெய் கழுத்தில் தங்கியிருந்தால் கரி அதில் அப்பிக்கொள்ளும் என்பது அடுத்த யோசனை. உண்மையிலேயே சில கூடுகளில் பிசுபிசுப்பு இருந்தது. ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி சுட்டேன். மாற்றமில்லை. ஆனாலும் துடைக்கும் பழக்கம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். எண்ணெய் தங்கிய கூடு சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளாமல் வழுக்கும், போல்ட்டின் மேல் விழும் தள்ளல் கூடும்.

படிந்த கரியைச் சுத்தம் செய்ய அலமாரியில் இருந்த பித்தளை பாலிஷை எடுத்தேன். லேபிளில் அம்மோனியா என்றிருந்தது, திரும்ப வைத்துவிட்டேன். இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் ராணுவத்தின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் கழுத்தில் பிளந்து கிடந்தன. குறிப்பிட்ட பருவத்தில் நடந்ததால் அதைப் பருவ வெடிப்பு என்றே அழைத்தார்கள். 1921-இல்தான் மூர், பெக்கின்ஸேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்திருக்கிறார்கள்; குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் அடைபட்டிருந்த தகைவோடு (உள் இறுக்கத்தோடு) சேர்ந்து உலோகத்தைப் பிளந்திருக்கிறது. மிதமாகச் சூடுகாட்டி அந்தத் தகைவை இறக்கிவிட்டால் பிளவு நின்றது.

கழுத்துக்குள் அடைபட்ட தகைவு, சூடுகாட்டினால் இறங்கும். இந்தக் கதையை நினைத்தபடியே பாலிஷ் டப்பாவை அலமாரியில் வைத்தவனுக்கு, என் கூடுகளும் அதே பித்தளைதான், 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும்தான் என்று உறைக்க இன்னும் ஒரு வாரம் ஆனது.

நாக்கு ஏன் ஒரே பக்கம்?

நடுவில் ஒரு கிளைவழி. அந்தப் புகைநாக்கு ஒரே பக்கமாக இருந்தது என்னை உறுத்தியது. கழுத்துச் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் இப்படி வரலாம். அல்லது துப்பாக்கியிலேயே ஏதாவது இருக்கலாம். பிரித்துப் பார்க்க மார்க்கர் பேனா போதும்.

பந்துமுனை மைக்ரோமீட்டரால் பத்துக் கூடுகளின் கழுத்துச் சுவரை நான்கு இடத்தில் அளந்தேன். தடித்த பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். ஐந்தைப் புள்ளி மேலே பார்க்கும்படியும் ஐந்தைக் கீழே பார்க்கும்படியும் சேம்பரில் இட்டுச் சுட்டேன். நாக்கு புள்ளியோடு சேர்ந்து சுற்றியிருந்தால் குற்றவாளி கூடு. சுற்றவில்லை. கடிகார முகத்தை வைத்துச் சொன்னால், நாக்கு விழுந்த கூடுகள் எல்லாவற்றிலும் அது பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தது.

யோசித்தால் நியாயம்தான். தோட்டா தன் எடையால் சேம்பரின் தரையில் படுத்திருக்கிறது, இடைவெளி முழுவதும் மேலே சேர்ந்துவிடுகிறது. போதாதற்குப் போல்ட் முகத்தில் இருக்கும் ஸ்பிரிங் எஜெக்டர் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் ஊசி) அடிப்பாகத்தை ஒரு பக்கமாகத் தள்ளிக் கூட்டைக் கொஞ்சம் சாய்க்கிறது. வாயுவுக்கு வழி அந்த மூலையில்தான் அகலம். ஆக, நாக்கின் திசை துப்பாக்கியின் குணம், அதைத் திருத்த வேண்டியதில்லை. நாக்கின் நீளம்தான் கேள்வி.

மூன்றாம் வாரம்: அந்த ஏழு

இந்தச் சோதனைக்காகப் பத்துக் கூடுகளையும் மைக்ரோமீட்டரில் புரட்டியபோது, சும்மா சுட்ட கழுத்தின் வெளிவிட்டத்தையும் குறித்து வைத்தேன். பெரும்பாலும் 8.69. மூன்றில் மட்டும் 8.72. அளக்கும் தவறு என்று முதலில் நினைத்தேன். திரும்ப அளந்தாலும் அதே மூன்று, அதே 8.72. அந்த மூன்றிலும் கரி கழுத்தின் பாதியோடு நின்றிருந்தது.

ஒரே சேம்பர், ஒரே மருந்து. எல்லாக் கழுத்தும் ஒரே சுவர் வரைக்கும்தான் விரிந்திருக்கும். அழுத்தம் இறங்கியபின் சில கழுத்துகள் கூடுதலாகச் சுருங்கித் திரும்பியிருக்கின்றன என்றால், அவை அதிக வில்தன்மை உள்ளவை, அதாவது இறுகிப்போனவை. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் விறைத்து, கடைசியில் ஒடியுமே, அதேதான். ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது, ஒவ்வொரு முறை டையில் போடும்போதும் சுருங்குகிறது.

சரி, ஆறு முறை சுட்ட கூடுகளில் சில மட்டும் இளசாக இருப்பது எப்படி? அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன் மேசையிலிருந்து இரண்டு பெட்டிகள் ஒன்றாகக் கவிழ்ந்தன. இரண்டும் ஒரே முத்திரை. ஒன்று பழசு, இன்னொன்று இரண்டே முறை சுட்டது. பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டவன் நான்தான், பார்த்துப் போட்டதாகவும் நினைப்பு.

உட்கார்ந்து எல்லாவற்றையும் கழுத்து விட்டத்தை வைத்துப் பிரித்தேன். முதல் நாள் சுத்தமாக வந்த ஏழும் இளசு. மருந்தைக் கூட்டியபோது பத்தில் ஐந்துதான் கறுத்தன என்று குதித்தேனே, அந்த மற்ற ஐந்தில் நான்கு இளசு. மருந்து எனக்கு எதையுமே செய்து தரவில்லை.

இந்த இடத்தில் ஒரு காகிதக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மனசு சமாதானமாக வேண்டுமே. மெல்லிய குழாய் ஒன்று உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கு இணங்கத் தேவையான அழுத்தம், உலோகம் நிரந்தரமாக விரியத் தொடங்கும் தகைவை, அதாவது இணங்கு தகைவைச் சுவர்த் தடிமனால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். என் கழுத்துச் சுவர் 0.38 மில்லிமீட்டர், ஆரம் சுமார் 4.2. இளகிய பித்தளை 110 மெகாபாஸ்கலில் இணங்கும் என்று வைத்தால் 100 பார் போதும். நன்றாக இறுகிய பித்தளைக்கு 430 வைத்தால் 390 பார் வேண்டும். .308-க்கு ஐரோப்பியத் தர அமைப்பான சி.ஐ.பி. வைத்திருக்கும் உச்சம் 4,150 பார் என்பதால் இரண்டுமே சின்ன எண்கள்தான். ஆனால் அழுத்தம் பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கும் அந்த முதல் கணத்தில் 100-க்குக் காத்திருப்பதற்கும் 390-க்குக் காத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் கரி தோளைத் தாண்டுகிறது. நிஜத்தில் குண்டு நகர்கிறது, கழுத்து வாயிலிருந்து படிப்படியாக விரிகிறது, இவ்வளவு எளிதல்ல. இருந்தாலும் நான்கு மடங்கு என்பது மறக்க முடியாத எண்.

மறுநாள் நேரடிச் சோதனை. ஒரே மருந்து, ஒரே குண்டு. பத்துப் பழசு, பத்து இளசு, மாற்றி மாற்றிச் சுட்டேன். பழசில் ஒன்பது தோளைத் தாண்டின. இளசில் ஒன்றுகூட இல்லை.

சூடுகாட்டியது, மூன்று தடவை

இறுகிய பித்தளையை இளக்கச் சூடுகாட்ட வேண்டும். அனீலிங் என்று சொல்வது இதைத்தான். தொடங்குமுன் மாற்றமே இல்லாத விதி: கழுத்தும் தோளும் மட்டும் இளகலாம், அடிப்பாகம் ஒருபோதும் இளகக் கூடாது. அடிப்பாகம்தான் முழு அழுத்தத்தையும் தாங்குகிறது. அது இளகினால் கூடு பிளந்து வாயு முகத்துக்கு நேராக வரும். சூடுகாட்டுவது வெற்றுக் கூட்டுக்கு மட்டும், அதிலும் பிரைமரைத் தட்டி எடுத்தபின். காற்றோட்டமான இடம், கண்ணாடி, முடித்தபின் கைகழுவல். பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது.

டிரில் மெஷினில் ஒரு சாக்கெட், அதற்குள் கூடு, மெதுவான சுழற்சி, எதிரே சிறிய புரோபேன் டார்ச். கருவிகள் இவ்வளவுதான்.

முதல் தடவை ரொம்ப ஜாக்கிரதை. குறிப்பிட்ட வெப்பத்தில் உருகி நிறம் மாறும் பூச்சு கிடைக்கும். 399 டிகிரியில் மாறுவதைக் கழுத்தின் உள்ளே தடவி, அது மாறியதும் கூட்டை எடுத்துவிட்டேன். நான்கு விநாடி ஆனது. இடுக்கியால் ஒரு கழுத்தை மெல்ல நசுக்கிப் பார்த்தேன். விட்டவுடன் துள்ளித் திரும்பியது, முன்பு போலவே விறைப்பு. பூச்சு பொய் சொல்லவில்லை, நான்தான் அரைகுறையாகப் புரிந்துகொண்டேன். 400 டிகிரியில் பித்தளை இளகும், நிமிடக்கணக்கில் வைத்திருந்தால். சில விநாடிகளில் வேலை முடிய வேண்டுமென்றால் அதைவிட நன்றாகவே மேலே போக வேண்டும்.

இரண்டாம் தடவை அந்தக் கோபத்தில் பன்னிரண்டு விநாடி. பகல் வெளிச்சம் அறைக்குள் இருந்ததால் கழுத்தின் நிறம் தெரியவில்லை. தீ நாக்கு ஆரஞ்சாக மாறியதைப் பார்த்தும் புரியவில்லை. எட்டுக் கூடு முடித்தபின் ஒன்றை நசுக்கினேன். நசுங்கியது, அப்படியே கிடந்தது. குண்டைப் பிடித்து நிறுத்தும் திராணி அந்தக் கழுத்துக்கு இல்லை. எட்டையும் சுத்தியலால் தட்டையாக்கிக் கழிவு டப்பாவில் போட்டேன், தவறிப்போய்க்கூடத் திரும்ப நிரப்பிவிடக் கூடாதே. இடுக்கிச் சோதனைக்குப் பலியான மூன்றையும் சேர்த்தால் அந்தப் பதினொன்று.

மூன்றாம் தடவை ஜன்னலை மூடி அறையை இருட்டாக்கினேன். தீயின் நீல முனை கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் படும்படி வைத்தேன். கழுத்து வாயில் மங்கலான சிவப்பு முதன்முதலில் தலைகாட்டும் கணத்தை எண்ணினேன், எட்டு விநாடி. ஏழில் எடுப்பது என்று முடிவு செய்தேன். தோளுக்கு ஆறு மில்லிமீட்டர் கீழே 232 டிகிரிப் பூச்சில் ஒரு கோடு போட்டிருந்தேன். அது மாறவில்லை, சூடு கீழே இறங்கவில்லை. நசுக்கிய கழுத்து கொஞ்சம் மட்டும் திரும்பியது. இதுதான் பதம். ஏழு விநாடி என் டார்ச்சுக்கும் என் தூரத்துக்கும் உரியது, அதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சூடான கூட்டைத் தண்ணீரில் போட வேண்டுமா என்று நிறையச் சண்டை நடக்கும். பித்தளை எஃகல்ல, திடீரென்று குளிர்ந்தால் இறுகுவதுமில்லை, இளகுவதுமில்லை. தண்ணீர் செய்வது சூடு அடிக்கு இறங்காமல் தடுப்பது மட்டும். ஏழு விநாடியில் அந்தக் கவலை இல்லாததால் நான் ஈரத் துணிமேல் உருட்டிவிட்டேன், உலர்த்தும் வேலை மிச்சம்.

பின்விளைவுகள்

இளக்கிய கூடுகளை டையில் போட்டபோது இரண்டு விஷயம் எதிர்பாராதவை. தோள் முன்பைவிட அதிகம் பின்னால் போய்விட்டது, ஏனென்றால் இளகிய தோள் துள்ளித் திரும்புவதில்லை. தோளைப் பின்னால் தள்ள நான் வைத்திருக்கும் அளவு 0.05 மில்லிமீட்டர். அது கிட்டத்தட்ட இரட்டிப்பானது. டையைச் சிறிது மேலே திருகி மறுபடி அமைக்க வேண்டியிருந்தது. இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் கூட்டின் அடிப்பக்கம் ஒவ்வொரு முறையும் கூடுதலாக நீண்டு, முன்னே சொன்ன பளபளப்பு வளையத்துக்கு நானே வழி செய்து கொடுத்திருப்பேன். அப்புறம், கழுத்தின் உட்புறம் வறண்டு குண்டைப் பிடித்து இழுத்தது. நைலான் தூரிகையில் கொஞ்சம் கிராஃபைட் தொட்டு ஒருமுறை விட்டதும் சரியானது.

கழுத்து ஏன் இவ்வளவு சீக்கிரம் இறுகியது என்றும் பார்த்தேன். என் பழைய டை 8.69-ஐ 8.43 வரை நெரித்துவிட்டு, திரும்பி வரும்போது உள்ளே இருக்கும் உருண்டை அதை 8.53-க்கு விரிக்கிறது. போகும்போது ஒரு வதை, வரும்போது ஒரு வதை. கழுத்தைச் சுருக்கும் வளையமான புஷ்ஷிங்கை மாற்றக்கூடிய டை ஒன்று வாங்கி 8.50 புஷ்ஷிங் போட்டேன், அதாவது நிரப்பிய கழுத்தைவிட 0.05 குறைவு. உருண்டையைக் கழற்றிவிட்டேன். மொத்தத்தில் செலவழித்ததிலேயே மனசுக்கு உறுத்தாத செலவு இதுதான்.

இளக்கிய பழைய கூடுகளில் இருபது சுட்டேன். பதினெட்டில் கரி கழுத்தோடு நின்றது. இரண்டில் தோள் சரிவைத் தொட்டது, தாண்டவில்லை. வேகங்களின் பரவல் முன்பு இருபது தோட்டாவுக்கு 19 மீட்டர்/விநாடி, இப்போது 12. இருபது என்பது சின்ன எண்ணிக்கை, இதை வைத்துப் பந்தயம் கட்டமாட்டேன். 300 மீட்டரில் என் குண்டுக்கு 10 மீட்டர்/விநாடி வித்தியாசம் உயரத்தில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான். அந்தத் தூரத்துக்கு சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். வைத்திருக்கும் இலக்கில் பத்தின் வளையமே 100 மில்லிமீட்டர் விட்டம். என் மூச்சும் விசைவிரலும் செய்யும் பிழை அதைவிடப் பெரிது. 900 மீட்டரில் சுடுகிறவர்களுக்கு அதே வித்தியாசம் கால் மீட்டர் ஆகிவிடும், அவர்கள் இதைப் பற்றி என்னைவிடக் கவலைப்படலாம்.

இப்போது ஒவ்வொரு பெட்டி மூடியிலும் எத்தனை முறை சுட்டது, கடைசியாக எப்போது இளக்கியது என்று எழுதியிருக்கிறேன். பெட்டிகளை மேசை ஓரத்தில் வைப்பதில்லை.

போன வாரம் அதே மூத்தவர் பக்கத்தில் வந்து ஒரு கூட்டை எடுத்துப் பார்த்தார்.

"நான் சொன்னேன்ல? மருந்து ஏத்தினதும் சுத்தமாயிடுச்சு பாரு."

"மருந்தத் தொடலண்ணே. கழுத்துல நெருப்பு காட்டினேன்."

அவர் நம்பவில்லை. கூட்டைத் திருப்பி, கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் மற்ற பக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்த கரியை நகத்தால் சுரண்டினார்.

"அப்ப இது என்ன?"

"அது துப்பாக்கியோடது. அப்படித்தான் இருக்கும், விடுங்க."